நூறு கோடியே ஏழு

டிர்ர்ர்ர்... டிர்ர்ர்ர்...

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி. ஸ்டேஷன் போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

"சார்... ஏட்டு பேசறேன். டெய்லர் கடைச் சந்துல ஒரு பாடி. மாடிப்படியிலேர்ந்து உருண்டு விழுந்திருக்கான். கழுத்து முறிஞ்சிருக்கு."

"தானா விழுந்தானா? யாராவது தள்ளி விட்டாங்களா?"

"அதை அவனைத்தான் சார் கேக்கணும். பதில் சொல்ற நிலைமையில இல்லை."

இந்த ஏட்டுக்கு அந்த வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.

"எந்த டெய்லர் கடை?"

"பச்சைக் கதவு சார். வெளிப்பக்கமா இரும்புப் படி. மேல ஒரே ஒரு ரூம்..."

இன்ஸ்பெக்டரின் கை அப்படியே நின்றது.

பச்சைக் கதவு... இரும்புப் படி... அந்த இடம் அவருக்குத் தெரியும்!

ஜீப்பில் ஏறும்போது சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. 'பாப்பா' என்று திரையில் பெயர். அவருடைய ஒரே தங்கை. காலை ஏழு மணியிலிருந்து இது ஏழாவது தடவை. ஞாயிற்றுக்கிழமை பாப்பா போன் செய்தால் அழுகைதான் என்று தெரியும். அதனால்தான் காலையிலிருந்து எடுக்கவில்லை.

இப்போதும் எடுக்கவில்லை.

சந்தில் கூட்டம். படியின் அடியில் ஒரு போர்வை. போர்வைக்கு வெளியே ஒரு கால். அந்தக் காலில் தேய்ந்துபோன பழுப்புச் செருப்பு.

போர்வையை விலக்க வேண்டிய அவசியமே இல்லை. தெருத் தெருவாக நடந்து கரண்ட் மீட்டர் பார்க்கிறவனின் செருப்பு அது!

"மாப்ளே..." என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு திடுக்கிட்டார். "சார்... உங்க...?"

"என் தங்கச்சி புருஷன்யா."

ஏட்டு குனிந்து போர்வையை இழுத்து அந்தக் காலையும் மூடினார்.

*

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்பு பாப்பா வந்து அழுதாள். "ஞாயித்துக்கிழமை ஆனா காணாம போயிடறார்ண்ணா. போனையும் ஆஃப் பண்ணிடறார். கேட்டா ஓவர்டைம்ங்கறார். ஞாயித்துக்கிழமை எந்த ஊர்லண்ணா மீட்டர் பாக்கறாங்க?"

அண்ணன் போலீஸ்காரர். சும்மா இருப்பாரா? அடுத்த ஞாயிறு காலை பின்னாலேயே போனார். பச்சைக் கதவு திறந்தது. ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே மாடி ஏறினான். அவ்வளவுதான் பார்த்தார்.

திருட்டுக் கேஸ் என்றால் இரண்டு சாட்சி கேட்கிற மனுஷன், தங்கை கேஸில் அரைப் பார்வையில் தீர்ப்பு எழுதிவிட்டார்!

"பாப்பா... மனசைத் தேத்திக்கோ. மாடி ரூம். பொம்பளை சகவாசம்."

"எந்த இடம்ண்ணா? நான் போய்க் கேக்கறேன்."

"நீ அங்கெல்லாம் போய் நிக்காதே. நேரம் பார்த்து நானே பேசறேன்."

நேரம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது பேசுவதற்கு மாப்பிள்ளை இல்லை.

"சார்..." ஏட்டு தயங்கினார். "இது உங்க குடும்பம். வேற ஆபீசரைப் போடறதுதான் முறை."

"சாயந்திரம் வரைக்கும் டைம் கொடுய்யா. அவளுக்குச் சேதி நான்தான் சொல்லணும். இதை எவன் செஞ்சான்னு தெரியாம நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முன்னால நிப்பேன்?"

*

மாடி அறை.

கட்டில் இருக்கும் என்று எதிர்பார்த்து நுழைந்தார் இன்ஸ்பெக்டர். கட்டில் இல்லை. பாய்கூட இல்லை!

ஒரு மேஜை. ஒரே ஒரு நாற்காலி. மேஜையில் ஒரு ஸ்டீல் ஃபிளாஸ்க்... பாப்பா கல்யாணத்துக்கு அவரே வாங்கிக் கொடுத்தது. சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு நோட்டுகள். எதைத் திறந்தாலும் எண்கள். எண்கள். எண்கள்!

"என்ன சார் இது, எறும்புக்கூட்டம் மாதிரி?" என்றார் ஏட்டு. "எல்லாப் பக்கத்துலயும் மேல ஒரே நம்பர். ஒண்ணு, எட்டு சைபர், ஏழு. 1000000007. கீழ வரிசையா வகுத்தல் கணக்கு. பக்கத்துல மணி வேற போட்டிருக்கார்."

"மீட்டர் ரீடர்யா. எந்த நம்பரை எழுதினாலும் பக்கத்துல நேரத்தை எழுதினாத்தான் அவனுக்குத் தூக்கம் வரும்."

"சார்! இதைப் பாருங்க!"

மேஜையில் திறந்து கிடந்த நோட்டு. கடைசி வகுத்தலுக்குக் கீழே கோணல்மாணலாக ஒரு வரி...

'உடைஞ்சு போச்சு. அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?'

"தற்கொலை சார்! மனசு உடைஞ்சு போய்க் குதிச்சிருக்கார்."

"யாருகிட்ட என்ன சொல்லணுமாம்?"

"அதை நான் சொல்றேன் சார்."

குரல் வாசலிலிருந்து வந்தது. அதே பெண்பிள்ளைதான். கழுத்தில் அளவு நாடா. மூக்குக் கண்ணாடி. அந்த ஞாயிறு தூரத்திலிருந்து பார்த்தபோது வயசு தெரியவில்லை. கிட்டத்தில் அறுபதுக்குக் குறையாது!

இவளையா 'பொம்பளை சகவாசம்' என்று பாப்பாவிடம் சொன்னார்!

"நான்தான் கீழ டெய்லர். இந்த ரூம் எனக்குச் சொந்தம். தம்பி ஞாயித்துக்கிழமை மட்டும் வரும். ஒண்ணேகால் வருஷமா வருது. இன்னியோட அறுபத்தெட்டு ஞாயிறு."

"வந்து?"

"வகுக்கும்."

"வகுத்து?"

"அது பெண்சாதிக்கு சார்." டெய்லரம்மா மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணமான புதுசுல அந்தப் பொண்ணு கேட்டுச்சாம், எத்தனை வருஷம் என்கூட இருப்பீங்கன்னு. நூறு கோடியே ஏழு வருஷம்னு இது சொல்லிச்சாம். அது என்ன கொசுறு ஏழுன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுதாம். அதுக்குத் தம்பி என்ன சொல்லிச்சு தெரியுமா? வெறும் நூறு கோடியை ரெண்டால வகுக்கலாம், அஞ்சால வகுக்கலாம், வர்றவன் போறவனெல்லாம் பங்கு போடலாம். ஏழைச் சேர்த்துட்டா அது பகா எண். தன்னையும் ஒண்ணையும் தவிர வேற எந்த நம்பராலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. நம்மளை யாராலயும் பிரிக்க முடியாதுன்னுச்சாம்."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"அந்தப் பொண்ணு விடலை. சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டேன். மெஷின்ல தட்டிக் காட்டினாலும் நம்ப மாட்டேன். உங்க கையால வகுத்துக் காட்டுங்கன்னுச்சாம். விளையாட்டுக்குத்தான்! இந்தப் பைத்தியம் அதை மனசுலயே வெச்சிருந்திருக்கு. வர்ற புதன்கிழமை பத்தாவது கல்யாண நாள். அன்னிக்கு இத்தனை நோட்டையும் அவ மடியில கொட்டப் போறேன் அக்கான்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

"நூறு கோடி வரைக்குமா வகுக்கணும்?" ஏட்டு வாயைப் பிளந்தார்.

"நானும் அதைத்தான் கேட்டேன். வேண்டாமாம். ரெண்டு நம்பர் பெருக்கினாத்தானே இது வரணும்? ரெண்டுல ஒண்ணு சின்னதா இருந்தே ஆகணுமாம். அந்தச் சின்னது முப்பத்தோராயிரத்து அறுநூத்திச் சொச்சத்தைத் தாண்டாதாம். அதுவரைக்கும் இருக்கிற பகா எண்களால மட்டும் வகுத்தாப் போதுமாம். மொத்தம் மூவாயிரத்து நானூத்தி ஒண்ணு. ஒரு ஞாயித்துக்கு அம்பது. இன்னிக்கு மட்டும் ஒண்ணு கூடப் போட்டு முடிச்சுடறேன்னு விடியக்காலையிலேயே ஓடி வந்துச்சு."

டெய்லரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தனக்குத் தானே சொல்வதுபோல் சொன்னாள்.

"பக்கத்துலயே ஒன்பதுல முடியற நம்பர் ஒண்ணு இருக்காம் சார். அதுவும் பகா எண்ணாம். ஏழும் ஒன்பதும் நானும் அவளும் மாதிரி, ஜோடிங்கும். நடுவுல நிக்குற எட்டுதான் உதவாக்கரையாம். ரெண்டு, மூணு, நாலு... கையில கிடைச்சதால எல்லாம் அது வகுபடுமாம்."

நடுவில் நிற்கிற எட்டு!

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைப்பதை ஏட்டு பார்க்காமல் இருக்கட்டுமே!

*

நாலு மணிக்கு டாக்டர் போன் செய்தார்.

"இன்ஸ்பெக்டர்... சும்மா தவறி விழலை. ரத்தத்துல தூக்க மாத்திரை. டியூட்டி மாத்தி மாத்திப் பாக்கறவங்க போடுவாங்களே, அந்த ரகம். முழுத் தூக்கத்துல அந்தப் படியில இறங்கியிருக்கார்."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். திரும்பினார். போலீஸ் குரல் வந்துவிட்டது.

"டெய்லரம்மா! இன்னிக்கு அவனுக்கு ஏதாவது குடிக்கக் கொடுத்தியா?"

"பன்னெண்டு மணிக்கு டீ கொடுத்தேன்... எப்பவும் கொடுக்கறதுதானே?"

"அதுல என்ன கலந்தே?"

"ஐயோ! பெத்த புள்ள மாதிரி இருந்துச்சு சார்!"

அவளாக இருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் ஆசைப்பட்டார். உள்ளதைச் சொன்னால் கெஞ்சவே கெஞ்சினார், யாரிடம் என்று தெரியாமல். அவளாக இருந்துவிட்டால் பாப்பாவிடம் சொல்ல ஒரு கதையாவது கிடைக்குமே!

"சார்." ஏட்டு அந்தக் கடைசி நோட்டைக் கையில் வைத்திருந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம். ஆனா இது எனக்கே இடிக்குது. இந்தக் கடைசிக் கணக்கைப் பாருங்க. 31601-ஆல வகுத்திருக்கார். 31644 தடவை போகுது, மீதி சைபர்னு எழுதியிருக்கார். அதான் உடைஞ்சு போச்சுன்னு புலம்பியிருக்கார்."

"சரி?"

"ஒண்ணுல முடியறதை நாலுல முடியறதால பெருக்கினா கடைசியில நாலுதானே சார் வரும்? ஏழு எப்படி வரும்?"

இன்ஸ்பெக்டர் செல்போனில் கால்குலேட்டரைத் தட்டினார்.

999982044.

நூறு கோடியே ஏழுக்குப் பதினேழாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று குறைகிறது!

"மீதி இருக்குய்யா... நம்பர் உடையவே இல்லை! மாப்ளை தப்பாப் போட்டிருக்கான்!"

"மூவாயிரம் கணக்கு போட்டவர் அஞ்சாங்கிளாஸ் தப்புப் பண்ணுவாரா சார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னிக்குப் போட்டது எல்லாத்தையும் படிய்யா. ஒண்ணொண்ணா!"

ஏட்டு படிக்க, இன்ஸ்பெக்டர் தட்டினார். முதல் கணக்கு, காலை ஏழு ஆறு. சரி. இரண்டாவது, ஏழு பன்னிரண்டு. சரி. ஆறு ஆறு நிமிஷத்துக்கு ஒன்று, கடிகாரம் பிசகினாலும் மாப்பிள்ளை பிசகவில்லை. ஒவ்வொன்றையும் திருப்பிப் பெருக்கிப் பார்த்து டிக் வேறு அடித்திருந்தான். பத்து சரி. இருபது சரி. நாற்பதும் சரி. மணி பதினொன்று.

நாற்பத்தொன்று. பதினொன்று ஒன்பது.

தப்பு!

நாற்பத்திரண்டு தப்பு. நாற்பத்து மூன்று தப்பு, டிக்கும் இல்லை. அதற்குப் பிறகு கையெழுத்தே சாய ஆரம்பித்திருந்தது. ஆறு நிமிஷம் ஒன்பது ஆகி, பன்னிரண்டு ஆகி...

"கணக்கு தப்பாப் போச்சுன்னு மாத்திரை போட்டுக்கலைய்யா..." இன்ஸ்பெக்டர் செல்போனை மேஜையில் வைத்தார். "மாத்திரை உள்ள போனதாலதான் கணக்கு தப்பாயிருக்கு! பதினொண்ணு ஒன்பதுக்கே மூளை தடுமாறியிருக்கு."

"டீ கொடுத்தது பன்னெண்டுக்கு சார்."

டெய்லரம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்கு முன்னால என்ன குடிச்சான்? மேல பாரு. ஏதாவது எழுதியிருப்பான். கொட்டாவி விட்டாக்கூட மணி போட்டு எழுதற ஆளு!"

ஏட்டின் விரல் ஓரமாக மேலே ஊர்ந்தது. முப்பத்தைந்தாவது கணக்குக்குப் பக்கத்தில் நின்றது. ஏட்டு படிக்கவில்லை. நோட்டை அப்படியே நீட்டினார்.

'10.30. அவ போட்ட காபி. கசக்குது. சக்கரை மறந்துட்டா போல. பாவம், ராத்திரியெல்லாம் தூங்கலை.'

இன்ஸ்பெக்டரின் கண் ஃபிளாஸ்க்கின் மேல் போனது. கை தன்னிச்சையாகச் சட்டைப் பையைத் தொட்டது. அங்கே எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். நைட் டியூட்டி முடிந்து பகலில் தூங்குவதற்கு.

இரண்டு வாரமாக அது அங்கே இல்லை.

'தூக்கமே வர மாட்டேங்குதுண்ணா, நீ சொன்னதிலேர்ந்து...'

'இந்தா பாப்பா, என் மாத்திரையை வெச்சுக்கோ.'

*

அழைப்பு மணியை அடிக்கக் கை உயர்ந்தது. அடிப்பதற்குள் கதவு திறந்துகொண்டது.

"அண்ணா! காலையிலேர்ந்து எத்தனை தடவைண்ணா போன் பண்றது? ஏன் எடுக்கலை? அவர் இன்னும் வரலைண்ணா!"

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். ஏட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்ண்ணா. திட்டாதே. காலையில அவர் காபியில உன் மாத்திரையைப் போட்டுட்டேன்."

"எதுக்குடி?"

"இன்னிக்கு ஒருநாள் அவகிட்ட போகாம வீட்டுலயே தூங்கட்டுமேன்னுதான். ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை! உக்காந்து குடிப்பார்னு பார்த்தேன். இன்னிக்கு அவசரம்னு அப்படியே ஃபிளாஸ்க்ல ஊத்தி எடுத்துக்கிட்டு ஓடிட்டார். பின்னாலேயே கத்திக்கிட்டு ஓடினேன், காதுலயே விழலை. அவர் போன் ஆஃப். எங்க போயிருக்கார்னும் தெரியாது, நீதான் இடத்தைச் சொல்லலையே. அதான் உனக்கு அடிச்சேன், அடிச்சேன்... நடுரோட்டுல தூக்கம் வந்துட்டா என்னண்ணா ஆகும்? போய்ப் பாருண்ணா... ஏன் இப்படி நிக்கறே?"

அவர் கையிலிருந்த நோட்டை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"அது என்ன? அவர் கையெழுத்து... அவளோடதா? யாருண்ணா அவ?"

"அவன்னு யாரும் இல்லை பாப்பா. ஒரு நம்பர்."

"நம்பரா?"

"நூறு கோடியே ஏழு."

பாப்பாவின் முகத்தில் ஒரு கணம்... ஒரே ஒரு கணம்... பத்து வருஷத்துக்கு முந்தைய சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அண்ணனின் கண்களைப் பார்த்தாள். வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கும் ஏட்டைப் பார்த்தாள்.

சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அந்த அலறலில் எதிர் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. "விளையாட்டுக்குத்தானேண்ணா சொன்னேன்... விளையாட்டுக்குத்தானே சொன்னேன்..." என்று தரையில் கிடந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். ஊரில் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போய்ச் சேதி சொன்ன இன்ஸ்பெக்டருக்குத் தன் தங்கையின் கையைப் பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

வெகுநேரம் கழித்துத்தான் பாப்பா எழுந்தாள். நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"முடிச்சிட்டாராண்ணா?"

"கடைசிப் பத்தைத் தூக்கத்துல தப்பாப் போட்டுட்டான். நாங்க சரிபார்த்துட்டோம், ஒண்ணும் வகுபடலை. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. 31607."

"பேனா கொடு."

"மிஷின்லயே பார்த்துடலாம் பாப்பா..."

"மிஷின்ல தட்டினா நான் நம்ப மாட்டேன்."

வகுத்தாள். கண்ணீர் விழுந்து எழுத்துக் கலைந்த இடத்தில் மறுபடி எழுதினாள். 31638 தடவை போனது. மீதி 17741. திருப்பிப் பெருக்கினாள். சரியாக வந்தது. டிக் அடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்தில் ஆறு பதினேழு என்று மணியையும் எழுதினாள்.

"உடையலைண்ணா." நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அவர் சொன்னது நிசம். இப்ப என்னைக் கூட்டிட்டுப் போ."

வெளியே ஜீப் அருகில் ஏட்டு வழக்குத் தாளோடு தயங்கி நின்றார்.

"சார்... குத்தவாளி பேரு... தங்கச்சி பேரைத்தான் போடணுமா?"

"அவ மாத்திரை போட்டா, சட்டம் அவளைக் கேக்கும். முதல் பேரா என் பேரைப் போடு. சந்தேகத்தைக் கொடுத்தது நான். மாத்திரையைக் கொடுத்தது நான். போனை எடுக்காததும் நான்."

"சார், அதுக்கெல்லாம் செக்ஷன் இல்லையே சார்..."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி ஜீப்பின் சீட்டில் போட்டார். சிரிக்கத்தான் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

"மூவாயிரத்து நானூத்தி ஒரு பேர் வரிசையா வந்து மோதிப் பார்த்துட்டு, மீதியை வெச்சுட்டுத் திரும்பிப் போனாங்கய்யா... ஒரே ஒரு மச்சான் வந்தேன், மீதியே இல்லாம வகுத்துட்டேன்!"